நாற்பது கிலோ

சிலரிடம் காசு இருக்காது.
உர்ஹோவிடம் துப்பாக்கி இருந்தது.
மூன்று நாள் ஒலிப்பதிவுக்கு
நாற்பது கிலோ மூஸ் மான் இறைச்சி என்று பேச்சு.
அக்டோபரிலேயே கொண்டுவந்துவிட்டார், முன்பணமாக,
ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பென்சிலில்:
தொடை. விலா. சூப்புக்கு.

சோட்காமோவுக்கு வடக்கே, பின்லாந்தின் காடு
சாலையை நெருக்கிப் பிடிக்கும் இடத்தில் என் ஸ்டுடியோ.
முன்பு பால் கூட்டுறவுச் சங்கம். சுவரெல்லாம் வெள்ளை ஓடு;
கை ஓய்ந்த பிறகும் கைதட்டல் ஓயாது.
செத்தவர் வீட்டுக் கம்பளங்களை ஏலத்தில் எடுத்துத்
தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்றில் இன்னும் நாய் வாசம்.
வெண்ணெய் அறையை மட்டும் வெறுமையாக விட்டேன்.
அங்கே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக்.
ஹில்காவின் குரல் அதற்குள் போய்க்
குளித்துவிட்டு வரும்.

ஏப்ரலில் வந்தார்கள்.
உர்ஹோ கெம்ப்பைனன், அக்கார்டியன்.
ஹில்கா, பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, பாட்டு.
டார்மோ, பாஸ்; பால் லாரி ஓட்டுகிறவன்,
விடிகாலை நான்குக்குக் கிளம்பியாக வேண்டும்,
மாட்டு மடி யாருக்காகவும் காத்திராது.

பனி உருகும் மாதம். பகலெல்லாம் கூரை
சொட்டிக்கொண்டே இருந்தது,
எங்கள் தாளத்தோடு ஒட்டாத தாளத்தில்.
"நல்ல டிரம்மர்தான், காதுதான் கேட்காது" என்றான் டார்மோ.
சீட்டு ஆடினோம். ஹில்கா உருளைக்கிழங்கு உரித்தாள்,
நூற்றிருபது பிள்ளைகளுக்கு உரிக்கும் வேகத்தில்;
நாங்கள் நாலே பேர் என்று நினைவு வருவதற்குள்
வாளி நிறைந்திருந்தது.

மூன்றாம் இரவு, இரண்டு மணிக்கு,
குளிர் இறங்கிச் சொட்டின் கழுத்தைப் பிடித்தது.
கூரை வாயை மூடியது.
அப்போதுதான் கேட்டது ஃப்ரீசர்:
உர்ஹோவின் சுருதிக்கு ஒரு மயிரிழை மேலே,
மூச்சு வாங்காமல்,
சபையில் தப்பாகப் பாடும் பணக்காரனைப் போல.

பிளக்கைப் பிடுங்கினேன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு.
ஃப்ரீசரை அணைத்தால் கார் சாவியை அதற்குள் போடு.
வீட்டுக்குப் போகும்போது தேடுவாய், நினைவு வரும்.
நல்ல வழக்கம்.
நான் மாடியில் குடியிருக்கிறேன்.
வீட்டுக்குப் போவது எனக்குப் பதினான்கு படி.

அந்த ஒரு டேக்.
துருத்தி விரியும்போது தோல் முனகியது.
மூன்றாம் அடியில் ஹில்கா சொல்லை மறந்து
வெறும் வாயால் கடந்து போனாள்.
அந்த வெற்றிடம்தான் பாட்டு என்று
நான்கு பேருக்கும் தெரிந்தது; யாரும் நிமிரவில்லை.
கடைசிச் சுரம் போன பிறகும்
அறையில் ஏதோ மிச்சம் இருந்தது.
பதினோரு வினாடி ஓடவிட்டேன்.
டார்மோ பூட்ஸ் மாட்டினான். மூன்று ஐம்பத்திரண்டு.

ஐந்தாம் நாள் முதலில் மூக்குதான் சொன்னது.

உர்ஹோ வந்தார். மூடியைத் திறந்தார்.
மூடினார். கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார்.
"போடு" என்றார்.
போட்டேன்.
முடிவுவரை கேட்டார், முடிவுக்குப் பின்னும்,
அந்தப் பதினோரு வினாடியையும்,
வேட்டைக்குப் பதுங்கியவர் போலத் தலையைச் சாய்த்து.
"இதில் அது இல்லையே?"
"இல்லை."
"ம்."
பனிவண்டியில் ஏற்றிப்போய்க் காட்டோரம் கொட்டினோம்.
அண்டங்காக்கைகளுக்கு யார் சொன்னார்களோ.

அக்டோபரில் மறுபடி வந்தார், இருபது கிலோவோடு.
"பாக்கி" என்றார்.
பாக்கி என்னுடையது என்றேன்.
காதில் வாங்காமல் அடுக்கினார்.
மூடியின் மேல் டேப் ஒட்டி, அதே பென்சிலால்:
ஐலா, போட்டாயா?

படியேறுமுன் தினமும் படிக்கிறேன்.
சில இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டு
அதன் பக்கத்தில் நின்று கேட்கிறேன்.
இப்போதும் ஒரு மயிரிழை மேலேதான்.